சரோஜம் மாமியும் மதுரை ஆகாயமும்

இந்த உலகத்தில் காற்று என்று ஒன்று அடிப்பதே சரோஜம் மாமி அனுமதி கொடுத்த பிறகுதான். அரபிக்கடலில் புறப்படும் மேகம் திருப்புறத்தில் கரையேறியதும் நின்று, தலையைக் கோதிக்கொண்டு, "மாமி, நான் வரலாமா?" என்று கேட்கும். ஐரோப்பாவில் ஒரு பெரிய கட்டிடம் நிறையக் கம்ப்யூட்டரை அடுக்கிவைத்துப் பத்து நாள் வானிலையைக் கணக்குப் போடுகிறார்களாம். அமெரிக்காக்காரன் போட்டிக்கு இன்னொரு கணக்குப் போடுகிறானாம். போடட்டும். இரண்டு கணக்கும் கேரள எல்லையோரப் பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் உள்ள மாமியின் போட்டோஸ்டாட் கடைக்கு வந்து, மஞ்சள் மார்க்கரால் கோடு விழுந்த பிறகுதான் செல்லுபடியாகும். அதற்கு முன்னால் பெய்கிற மழை கள்ள மழை.

இதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. மாமி இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரை நாலைந்து தடவை போயிருக்கிறாள். கதவுக்கு உள்ளே போனவர்களுக்குக் கை காட்டிவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறாள். அவ்வளவுதான் மாமிக்கும் ஆகாயத்துக்கும் நேரடிப் பழக்கம்.

என் பெயர் ஜித்தின். பிளஸ் டூவில் பிசிக்சும் கணக்கும் என்னைக் கைவிட்டன. தோற்றவர்களுக்கு மறுபடி வைக்கும் 'ஸே' பரீட்சையில் சமாதானம் பேசிப் பார்த்தேன், அவை மசியவில்லை. நான் வீட்டில் சும்மா இருந்தால் ஊருக்கு ஆபத்து என்று அம்மா என்னை அடுத்த வீட்டு மாமியின் கடையில் கொண்டு உட்காரவைத்தாள். ஊருக்கு ஆபத்து என்பது சும்மா சொன்ன பேச்சல்ல. ஒருமுறை, வரும் திங்கள் முதல் கேரள-தமிழ்நாடு எல்லைக்கல்லை நூறு மீட்டர் மேற்கே நகர்த்தப்போவதாகவும், இடையில் அகப்படும் வீட்டுக்காரர்கள் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு இரண்டு போட்டோவுடன் வரவேண்டும் என்றும் நோட்டீஸ் அடித்து இஞ்சிவிளையில் ஒட்டினேன். பதினோரு பேர் போட்டோவோடு வந்து நின்றார்கள். மாமி அத்தனை பேருக்கும் விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, என் காதைப் பிடித்துத் திருகிய திருகலில் மூன்று நாள் எனக்கு எந்த எல்லையும் தெரியவில்லை.

மாமி வானிலை பார்க்கத் தொடங்கியது விமானத்துக்காக அல்ல, ரப்பருக்காக. அவளுடைய புருஷன் ரெத்தினதாஸ் மாமா அம்பூரியில் ரப்பர் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து வெட்டுகிறவர். காலையில் பட்டையை வெட்டிவிட்ட பிறகு மழை வந்தால் சிரட்டையில் தண்ணீர் நிறைந்து பாலெல்லாம் ஒழுகிப் போகும். ஆகவே கத்தியை எடுக்கும் முன்னால் மாமாவுக்கு ஒரு சொல் வேண்டும், வெட்டலாமா வேண்டாமா. மாமி போனில் ரேடார் படம் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லுவாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். பிறகு ஒரே மகள் ஜோஸ்னா அக்கா விமானம் ஓட்டப் படிக்கப் போனாள். பள்ளிக்கூடம் தமிழ்நாட்டுக்குள்ளே ஓர் ஊரில். ஊர்ப் பெயரை எழுதினால் கொன்றுவிடுவேன் என்று அக்கா சொல்லியிருப்பதால் எழுதவில்லை. அன்றிலிருந்து மாமியின் அதே கண் மேலே திரும்பியது. முன்பு கணக்குத் தப்பினால் போகிறது ஒரு சிரட்டைப் பால். இப்போது தப்பினால் என்ன போகும் என்பதை மாமி வாயால் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மாமிக்கு நாள் தொடங்குவது காலை ஐந்தரைக்கு. எங்கள் கிறிஸ்தவ சபையின் மணி அடிப்பதும் ஐந்தரைக்குத்தான், ஆனால் காரணம் அதுவல்ல. விமானக்காரர்கள் உலகம் முழுக்க லண்டன் பக்கத்து நேரத்தைத்தான் எழுதுவார்கள். அங்கே பூஜ்யம் மணி என்றால் இங்கே ஐந்தரை. நம் கடிகாரத்தில் ஐந்தரையைக் கழித்தால் ஆகாயத்தின் கடிகாரம். மாமி அதை 'இஸட் மணி' என்பாள். கல்யாண அழைப்பிதழில் காலை பத்தரை என்று இருந்தால் ஓரத்தில் 'இஸட் 5' என்று எழுதிவைப்பாள். ஒருமுறை அதைப் பார்த்து நான் அம்மாவை ஐந்து மணிக்கே பட்டுப்புடவை கட்டவைத்தேன். அது வேறு கதை.

கடை திறந்ததும் முதல் வேலை, கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து தாளில் எடுப்பது. அதில் இரண்டு சமாசாரம் இருக்கும். ஒன்று மெட்டார். அந்த விமான நிலையத்தில் இந்த நிமிஷம் காற்று எப்படி, எவ்வளவு தூரம் கண் தெரிகிறது, மேகம் எந்த உயரம் என்று அரைமணிக்கு ஒருமுறை வரும் ஒற்றை வரி. இன்னொன்று டாஃப். இனிமேல் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லும் ஜோசியம். மெட்டாரின் நடுவில் ஒரு சாய்கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப்பக்கம் ஓர் எண், அந்தப்பக்கம் ஓர் எண். முதல் எண் வெயில் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பிசிக்ஸ் வந்துவிடும்.

இது போக மாடல் படங்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜெர்மனி, நம்முடைய டெல்லி என்று நாலு கணக்கு. நாலும் நாலு விதமாகச் சொல்லும். மூன்று பேர் வெயில் என்று சொல்லி ஒருத்தன் மட்டும் இடி என்றால், மாமிக்கு அந்த ஒருத்தன்தான் யோக்கியன்.

இதை எல்லாம் கடைக்குள் வைத்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் சபையில் பயணம் போகிறவர்களுக்காக ஜெபிக்கச் சீட்டு எழுதிப் போடும் வழக்கம் உண்டு. அந்தப் பெட்டி வாரம் முழுக்க மாமியின் கடை மேசையில் இருக்கும். சனிக்கிழமை உபதேசியார் ராபின்சன் வந்து எடுத்துப் போய் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார். மற்றவர்கள், 'மகன் நிஜின் துபாய் போகிறான்' என்று எழுதுவார்கள். மாமி மெட்டாரையும் சேர்த்து எழுதுவாள். உபதேசியாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சகோதரி ஜோஸ்னா... காற்று இருநூற்று நாற்பது டிகிரியிலிருந்து எட்டு நாட்... கியூமுலோநிம்பஸ் இல்லை... கர்த்தர் காப்பாராக" என்று வாசிப்பார். சபையார் ஆமென் சொல்லுவார்கள். பின்வரிசையில் ஒரு தாத்தா, கியூமுலோநிம்பஸ் என்பவன் பெலிஸ்தியரில் எந்தக் கூட்டத்தான் என்று என்னிடம் கேட்டார். அது இடிமேகத்தின் பெயர் என்று சொல்லாமல், கோலியாத்துக்குச் சித்தப்பா முறை என்று சொல்லிவைத்தேன்.

இவ்வளவு நேரம் சிரித்தாயிற்று. இனி அந்த அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை.

ஜோஸ்னா அக்கா தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு மதுரை போய் இறங்கி, திரும்பி வர வேண்டும். பக்கத்து சீட்டில் ஆள் கிடையாது. லைசென்சுக்கு அது கட்டாயம். மூன்று தடவை நாள் குறித்தார்கள். மூன்று தடவையும் அவள் கிளம்புகிற நேரத்தில் மாமி போன் செய்தாள். "மக்கா, ஜெர்மன்காரன் இடி காட்டுதான், போவாதே." மூன்று தடவையும் அக்காவுக்குக் கை விறைத்துப்போய், இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். மூன்று நாளும் மதுரையில் ஒரு துளி விழவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நாலாவது தடவையும் இப்படி என்றால், தனியாகப் பறக்கத் தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று.

திங்கள் சாயங்காலம் அக்கா என் போனுக்குக் கூப்பிட்டாள்.

"எலே ஜித்தினே, நீ எனக்கு ஒரு காரியம் செய்யணும்."

"செய்யலாம். ஆரை ஏமாத்தணும்?"

"எனக்க அம்மய."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"நாளைக்கு காலத்த அம்மைக்க கையில நல்ல வானிலை இருக்கணும், கேட்டியா? அம்மைக்க குரலு கேட்டா எனக்கு ஸ்டியரிங்கப் பிடிக்க ஒக்காது. நான் எல்லாம் பாத்தாச்சு. காலத்த ஒண்ணும் இல்ல. இடி ரெண்டரைக்கு பெறவாக்கும். நான் ஒம்பதுக்கு ஏறி, உச்சைக்கு முன்ன திரும்பி வந்திருவேன்."

"வந்திருவியா அக்கா?"

"பின்னே? ஆகாயத்தில குடியிருக்கவா போறேன்? நீ உனக்க வேலையப் பாரு."

என் வேலை எனக்குப் பூ மாதிரி. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, மவுஸின் வலது பட்டனை அமுக்கி உள்ளே போனால், அதில் இருக்கும் எழுத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். வெளியுலகத்தில் ஒன்றும் மாறாது. அந்தத் திரையிலும், அதிலிருந்து எடுக்கும் தாளிலும் மட்டும் மாறும். செவ்வாய்க்கிழமை மாமிக்கு முன்னால் போய்க் கடையைத் திறந்தேன். மதுரை மெட்டார் அழுமூஞ்சியாக இருந்தது. முந்தின நாள் மழையின் மூடுபனி, மூவாயிரம் மீட்டருக்கு மேல் கண் தெரியவில்லை, பக்கத்தில் எங்கேயோ இடிமேகம். மூவாயிரத்தை ஆறாயிரம் ஆக்கினேன். இடிமேகத்தை அழித்தேன். டாஃபில், பிற்பகல் இடியோடு மழை என்ற வரியை அப்படியே தூக்கினேன். வெயில் இருபத்தைந்து என்று இருந்தது. நல்ல நாள் என்றால் கொஞ்சம் குளுகுளு என்று இருக்கட்டுமே என்று அதை இருபத்தொன்று ஆக்கினேன். நம் ஊரில் புழுங்கினால்தானே சாயங்காலம் இடி வரும். மாடல் படம் வரும் பக்கத்தைத் திறக்காதபடி முடக்கிவிட்டேன். பிறகு தாளை எடுத்து, சூடு ஆறாமல் மாமியின் மேசையில் வைத்தேன்.

மாமி வந்தாள். பையை வைத்தாள். கண்ணாடி போட்டாள். மார்க்கரின் மூடியைக் கழற்றினாள். தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை பார்த்தாள்.

"மாடலு?"

"சைட்டு கிடைக்கல்ல மாமி. ஐரோப்பாவில கரண்டு போயிருக்கும்."

மாமி என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். மேசை மேல் கிடந்த போனைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசை டிராயரைத் திறந்து, தாளை அதில் வைத்து மூடினாள்.

"நல்ல நாளு தான்" என்றாள்.

நான் ஜெயித்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷம் எல்லைக்கல் நோட்டீசுக்குக்கூட வந்ததில்லை.

பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. விமானத்தின் பிரேக்கில் ஏதோ பார்க்க இருந்ததாம், தாமதமாகிவிட்டது. பதினொன்று நாற்பதுக்கு இன்னொரு செய்தி. 'ஏறுறேன். ஒண்ணு அம்பதுக்குள்ள மதுரைல இருந்து கூப்பிடுறேன். அம்மய பாத்துக்கோ.'

நான் விரல் விட்டு எண்ணினேன். மதுரையில் இறங்கும்போது மணி ஒன்றாகும். அங்கே கொஞ்சம் நின்று திரும்பினால் மூன்று ஆகும். இடி இரண்டரைக்கு. உச்சைக்கு முன்ன வந்திருவேன் என்றது காற்றோடு போயிற்று. மாமியின் கையில் உண்மையான தாள் இருந்திருந்தால், ஒன்பது மணிக்கே கூப்பிட்டிருப்பாள். அக்கா தரையில் இருந்திருப்பாள். தகுதியில்லை என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அனுப்பினால் என்ன? வீட்டில் இருந்திருப்பாள்.

இதுவரை நான் செய்த எதற்கும் பிற்பகல் என்று ஒன்று இருந்ததில்லை.

லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து போனில் மதுரை மெட்டாரைத் திறந்தேன். உண்மையானதை. பன்னிரண்டு மணிக்கு உள்ளது சுமார். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் உருவம் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே அக்காவின் விமான எண். என் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

பன்னிரண்டரை மெட்டாரில் இடிமேகம் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் முன்னதாக.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு அந்த மஞ்சள் உருவம் நின்றது. நகரவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தேன். உருவமே இல்லை.

தாழப் பறந்தால் அந்தப் பக்கத்துக்கு எட்டாது, மறைந்துவிடும். மாமி பத்து தடவை சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

"எலே, உனக்கு என்ன, ஃபேனுக்கு அடியில இருந்தும் வேர்க்குது?" மாமி கவுண்டரிலிருந்து கேட்டாள்.

"மெஷின் சூடு, மாமி."

"மெஷின் ஓடல்லியே."

நான் மெஷினை ஓடவிட்டேன். அதில் போட எதுவும் இல்லாததால் என் பஸ் பாஸை லேமினேஷன் செய்தேன். ஏற்கெனவே செய்ததுதான்.

அந்த நேரத்தில் ஸ்ரீகுமாரி டீச்சர் வந்தாள். நிலவரி ரசீது நாலு காப்பி வேண்டும். மாமி காப்பி எடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள். டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெந்தா சரோஜம், வேற ஆருடெயோ ஆதார் இதில் உண்டல்லோ" என்று சிரித்தாள். மாமி மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தாள். அப்போது கவனித்தேன், மாமியின் வலது உள்ளங்கை முழுக்க மஞ்சளாக இருந்தது. மூடியில்லாத மார்க்கரைப் பிடித்தபடியே இருந்திருக்கிறாள். காலையில் கழற்றிய மூடி. நல்ல நாள் என்றால் கோடு போட ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு மார்க்கர் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் ஒரு மணி ஆகிவிட்டது. மதுரையின் அடுத்த வரி வந்துவிட்டது.

இடியுடன் மழை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. காற்று முப்பத்தெட்டு நாட், அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டர் வரை வீசி அடிக்கிறது. மாமி மஞ்சள் போடுகிற எழுத்து எல்லாம் ஒரே வரியில்.

ஒரு மணி. அக்கா அந்த நேரத்துக்குத்தான் மதுரைக்கு மேலே இருக்க வேண்டும்.

சாட்டிலைட் படத்தைத் திறந்தேன். மதுரைக்கு மேலே வெள்ளையாக ஒரு கட்டி. மேலேயிருந்து பார்க்கச் சோற்று உருண்டை மாதிரி அழகாக இருந்தது. அடுத்த படம் வர நேரம் இருந்தது. வரும்போது அது இன்னும் பெரிதாக இருக்கும். அதற்குள்ளே ஒரு ஆள், எங்கள் வீட்டு மாமரத்திலிருந்து விழுந்த என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், எனக்கு ஸைக்கிள் பிடித்துவிட்டவள், நான் மாற்றிய எழுத்தை நம்பி அவளைச் சும்மா விட்ட அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல். நான் இருபத்தொன்று என்று எழுதியபோது சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமி உள்ளே டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"வா, சோறு தின்னு."

"பசி இல்ல."

"எனக்கும் தான் பசி இல்ல. ரெண்டு பேரும் இருந்து தின்னலாம்."

சோற்றைப் பிசைந்தோம். யாரும் தின்னவில்லை. வெளியே நம் பக்கமும் இருட்டிக்கொண்டு வந்தது. நெய்யாற்றின்கரை பக்கம் எங்கேயோ ஓர் உறுமல். மாமியின் கை சோற்றில் நின்றுபோயிற்று. மஞ்சள் இன்னும் விரலிடுக்கில் இருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் சொல்லிவிடுவேன்.

கை கழுவப் போகிறவன் போல எழுந்து, மேசை ஓரத்தில் நின்று, ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி நாலாக மடித்து அந்தப் பெட்டிக்குள் போட்டேன். மாமி உள்ளே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

ஒன்றரை. ஒன்று நாற்பது. ஒன்று ஐம்பது. அந்த நேரம் வந்து, கடைக்கு முன்னால் ஒரு திருவனந்தபுரம் பஸ் போல நின்று, ஆளை இறக்காமல் போய்விட்டது. நான் அக்காவின் நம்பரைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். எழுந்து மாமியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமி, நான் ஒரு காரியம்..."

"நில்லு."

"இல்ல மாமி, காலத்த நான்..."

"நில்லுண்ணு சொன்னேன். அவ கூப்பிடட்டு. பெறவு சொல்லு."

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு மாமியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். மாமி எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அடி அடித்தது. நாலாவதில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் தூத்துக்குடில நிக்கேன்."

மாமி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"மதுரைக்கு முன்ன பெரிய மதிலு மாதிரி மேகம் அம்மா. உள்ள போகாண்டாம்னு நானே தீருமானிச்சேன். காலத்தயே தூத்துக்குடிய மதுரைக்கு மாத்து எடமா எழுதி வச்சிருந்தேன், எண்ணெயும் அதுக்கு கணக்குப் போட்டாக்கும். கிழக்க சுத்தி வந்து எறங்கினேன். போன் சார்ஜ் போச்சு, இது இங்க உள்ள ஒரு சாருக்க போன். எங்க சாரும் பேசினாரு. செரியா செஞ்சேன்னு சொன்னாரு. அம்மா? கேக்குதா?"

"கேக்குது மக்கா." மாமியின் குரல் சாதாரணமாக இருந்தது. "நீ வல்லதும் தின்னியா?"

"இல்ல."

"தின்னு. அந்த சாருக்கு போனைத் திருப்பிக் குடு."

போனை வைத்த பிறகு மாமி அழவில்லை. மார்க்கரின் மூடியைத் தேடினாள். அது தரையில் எனக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அடைத்தாள். பிறகு டிராயரைத் திறந்து காலைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். தாளில் ஒரே இடத்தில், நான் பார்க்காத நேரம் போட்ட மஞ்சள் வட்டம். சாய்கோட்டைச் சுற்றி. இருபத்தொன்று, கோடு, இருபத்துநாலு.

"இது என்னதுலே?"

"வெயிலு."

"முதல்ல உள்ளது வெயிலு. ரெண்டாவது?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் விடை இருப்பதுபோல.

"காத்து எவ்வளவு குளிந்தா அதில உள்ள ஈரம் தண்ணியா விடுமோ, அந்த நம்பராக்கும் அது. டியூ பாயின்ட். கிளாசில ஐஸ் தண்ணி வச்சா வெளிய வேர்க்குமே, அது. ஒருநாளும் அது முதல் நம்பரை விடக் கூடாது. இருபத்துநாலுலயே ஈரம் எல்லாம் தண்ணியாயிரும், பின்னே எப்பிடி இருபத்தொண்ணுல இருபத்துநாலு நிக்கும்? மதுரை என்ன, கர்த்தர் படைச்ச எந்த ஊரிலயும் இப்பிடி ஒரு ஆகாயம் கிடையாது. நீ எதுக்கு குறைச்ச?"

"குளிர்மையா இருக்கட்டும்னு."

மாமியின் வாய் ஓரம் இழுத்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை.

"அப்பம் மாமிக்கு காலத்தயே தெரியுமா?"

"கண்ணாடி போட்ட உடனே தெரியும். எனக்க போனுல ரேடாரு உண்டு. நீ பொறக்குததுக்கு முன்ன இல்ல, ஆனா நீ பிளஸ் டூ தோக்குததுக்கு முன்னயே உண்டு."

அதை நான் மறந்துபோயிருந்தேன். அம்பூரி ரப்பருக்கு அவள் படம் பார்த்தது அந்தப் போனில்தான்.

"எல்லாம் பாத்தேன்" என்றாள். "பன்னெண்டரைக்கு உள்ளதும் பாத்தேன், ஒரு மணிக்கு உள்ளதும் பாத்தேன். காலத்த போனை கையில எடுத்தாச்சு. அவளுக்க நம்பரும் போட்டாச்சு. அப்பம் தோணிச்சு, இந்தப் பய தனக்கு வேண்டி செய்யல்ல, அவ சொல்லியாக்கும். எனக்க மவளுக்கு என்னை ஏமாத்துததுக்கு ஒரு ஆளை வைக்க வேண்டி வந்திருக்குதே எண்ணு. அதோட போனை கீழ வச்சேன்." மஞ்சள் கையைப் புடவையில் துடைத்தாள். போகவில்லை. "அவளுக்கும் கண்ணு உண்டு. நான் பாக்குததை அவளும் பாப்பா."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமி. நான் செத்துப்போனேன்."

"பேடிச்சு நடுங்க ஒரு ஆளு துணை வேண்டாமாலே?"

என் பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். "நான் ஒண்ணும் பேடிக்கல்ல. சும்மா இருந்தேன். எனக்கு இந்த மெட்டாரு, ஜெபம், சீட்டு, இதில எல்லாம் ஒரு விசுவாசமும் இல்ல."

"செரி."

மாமி பெட்டியை இழுத்துத் திறந்தாள். அந்த வாரம் அதில் ஒரே ஒரு சீட்டுத்தான் இருந்தது. நாலாக மடித்தது. பிரித்து, என் கோழிக்கிறுக்கலைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, உபதேசியாரைப் போலவே ராகம் போட்டு வாசித்தாள்.

"காற்று எப்படி வேண்டுமானாலும் அடிக்கட்டும். ஜோஸ்னா அக்கா இறங்கினால் போதும். இனி கள்ளம் செய்யமாட்டேன்."

"மாமி, வேண்டாம். உபதேசியாருக்கிட்ட குடுக்காண்டாம்."

"குடுக்கப்போறேன். ஆனா இதில ஒரு குறை உண்டு." மார்க்கரின் மூடியை மறுபடி கழற்றி, சீட்டோடு என் பக்கம் தள்ளினாள். "நேரம் போடல்ல. நேரம் இல்லாத மெட்டாரு செல்லாது. எப்பம் எழுதின?"

"ஒண்ணேகாலுக்கு."

"அப்பம் இஸட் எத்தனை?"

ஐந்தரையைக் கழித்தேன். ஏழே முக்கால். கணக்கில் தோற்றவன் என்று யார் சொன்னது.